கைக்கடக்கமான கேமராவும் காஞ்சிப் பட்டும்

பட்டுச் சேலையைப் போல ஒரு கேமராவைச் சோதிக்கும் பொருள் வேறு கிடையாது. அரக்கு உடல், சரிகைக் கரை, முந்தியில் அன்னபட்சி என்று ஒரு சேலையைத் திண்ணையில் விரித்து, விலை குறைந்த சிறு டிஜிட்டல் கேமராவை நீட்டிப் பாருங்கள். சரிகைக்கு ஏற்ப வெளிச்சத்தை அளந்துகொண்டால் அரக்கு கறுத்துப் புகையிலை நிறமாகிவிடும். அரக்குக்கு ஏற்ப அளந்துகொண்டால் சரிகை வெறும் வெள்ளைக் கோடாகிவிடும். சேலையைக் கையில் பிடித்திருப்பவருக்கு இரண்டும் ஒரே நேரத்தில் தெரிகிறது. கேமராவுக்கு ஒன்றுதான் தெரிகிறது. பத்தாயிரம் ரூபாய்க்குள் விற்ற அந்தக் கேமராக்கள் எதைச் செய்தன, எதைச் செய்யவில்லை, செல்போன் எல்லோர் கையிலும் இருக்கும் இன்று அப்படி ஒன்றை வாங்குவதில் அர்த்தம் உண்டா என்ற கேள்வியைக் காஞ்சிபுரத்தில் வைத்துக் கேட்பதற்கு இதுவே காரணம்.

காஞ்சிபுரத்திலும் செவிலிமேடு இதற்குத் தோதான இடம். நகரின் தெற்கு ஓரம், பாலாற்றங்கரை. முன்பு தனிப் பேரூராட்சி, இப்போது காஞ்சிபுரம் மாநகராட்சிக்குள். வந்தவாசி சாலை இங்கேதான் பாலத்தில் ஏறி ஆற்றைக் கடக்கிறது. இராமானுசர் வரதராசப் பெருமாளுக்குத் தீர்த்தம் கொண்டுபோனதாகச் சொல்லப்படும் சாலைக் கிணறு இந்தப் பக்கம்தான். லட்சுமி நரசிம்மர் கோயிலும் இங்கே இருக்கிறது. ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஆற்று மணலில் நடுப்பகலில் கண் கூசும். கோயில் பிராகாரத்தில் கால் வைத்தவுடன் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இந்த இரண்டு வெளிச்சத்துக்கும் இடையே ஆயிரம் மடங்குகூட வித்தியாசம் இருக்கும். நடந்தே போய்விடக்கூடிய தூரத்துக்குள் ஒரு சின்ன கேமராவின் பலமும் பலவீனமும் முழுசாக வெளிப்பட்டுவிடும்.

மலிவான கேமரா என்ற ஆசை டிஜிட்டலோடு பிறந்ததல்ல. நம் வீடுகளில் முதலில் வந்தது ஆக்ஃபா கிளிக் 3. ஒரு ரோலில் 12 படம், சதுரமாக. பிறகு எண்பதுகளில் ஹாட் ஷாட், தொண்ணூறுகளில் கோடக்கின் கேபி 10. பிலிம் உள்நாட்டிலும் தயாரானது. ஊட்டியில் 1960இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1967 முதல் ‘இந்து’ என்ற பெயரில் பிலிமும் தாளும் தயாரித்து, பின்னாளில் நொடித்துப்போனது. இந்தக் கேமராக்கள் எல்லாவற்றுக்கும் ஒரே குணம்: எடுக்கும்போது ஒன்றும் தெரியாது, ரோல் முடிந்து லேபுக்குப் போய் வந்தால்தான் தெரியும். 36 படத்தில் கல்யாணமும் காதுகுத்தும் பொங்கலும் அடங்கியாக வேண்டும். ஆகவே சேலையைப் படமெடுப்பது என்பது ஸ்டுடியோக்காரர் வேலை. நெசவாளரோ சின்னக் கடைக்காரரோ அந்தச் செலவை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. சேலையின் நினைவு என்பது காகிதத்தில் போட்ட கட்டமும், ஜக்கார்டு அட்டையில் குத்திய துளையும், மிஞ்சிய துண்டுத் துணியும்தான்.

கோடக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் 1975இல் செய்த முதல் டிஜிட்டல் கேமராவின் எடை 3.6 கிலோ. பத்தாயிரம் புள்ளிகள் கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிய அதற்கு 23 விநாடி ஆனது. டிஜிட்டல் கேமராவைச் சாதாரண ஆளின் பொருளாக்கியது 1995இல் வந்த கேசியோ க்யூவி 10. முதுகில் இருந்த சின்னத் திரையில் எடுத்த படத்தை அப்போதே பார்க்கலாம் என்பதுதான் அதன் சாதனை. படத்தின் தரம் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. நம் ஊர்களுக்கு இந்த அலை வந்து சேர்ந்தது 2003, 2004 வாக்கில். கேனனின் பவர்ஷாட் ஏ வரிசை, நிக்கானின் கூல்பிக்ஸ், கோடக்கின் ஈஸிஷேர், சோனியின் சைபர்ஷாட். ரிச்சி தெருவில் வாங்கியவர்கள் உண்டு, பர்மா பஜாரில் பேரம் பேசியவர்கள் உண்டு. சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா பெட்டியில் இருந்து எடுத்துக் கொடுத்தது என்பதுதான் பல வீடுகளின் கதை.

இதில் அதிகம் பேர் அறியாத ஒரு கிளைக்கதை சுங்கவரி. டிஜிட்டல் கேமராவுக்கு இறக்குமதி வரிவிலக்கு இருந்தது. வீடியோ எடுக்கும் கருவிக்கு அந்தச் சலுகை இல்லை. எது கேமரா, எது வீடியோ கேமரா? 800×600 அளவில், நொடிக்கு 23 ஃபிரேமாவது வைத்து, ஒரே ஓட்டமாக 30 நிமிடம் பதிய முடிந்தால் விலக்கு இல்லை என்று அரசு விளக்கம் தந்தது. 2012இல் வந்திறங்கிய கேமராக்கள் பற்றி இதன்பேரில் எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நோட்டீஸ் கொடுக்க வருவாய்ப் புலனாய்வு அதிகாரிகளுக்கு அதிகாரம் இல்லை என்று 2021 மார்ச் 9இல் தீர்ப்பு வந்தது. 2024 நவம்பர் 7இல் மறுஆய்வில் அதே நீதிமன்றம் அதை மாற்றிக்கொண்டது. சட்டைப்பையில் அடங்கும் ஒரு சாமான் நாட்டின் சுங்கச் சட்டத்தையே பல ஆண்டுகள் ஆட்டி வைத்திருக்கிறது.

சேலைக்குத் திரும்புவோம். அந்தக் காலத்து மலிவு கேமரா பலவற்றின் சென்சார் அளவு சுமார் 5.8 × 4.3 மில்லிமீட்டர், மொத்தம் 25 சதுர மில்லிமீட்டர். பெரிய தொழில்முறை கேமராவின் முழு ஃபிரேம் சென்சார் 36 × 24, அதாவது 864 சதுர மில்லிமீட்டர். முப்பத்தைந்து மடங்கு வித்தியாசம். மழைநீரைப் பிடிக்க முற்றத்தில் அண்டா வைப்பதற்கும் டம்ளர் வைப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. டம்ளர் சீக்கிரம் நிரம்பி வழிகிறது: அதுதான் சரிகை வெளுத்துப்போவது. தூறலில் டம்ளருக்குள் விழுவது நாலு சொட்டு: அதுதான் அரக்கின் இருட்டில் புள்ளி புள்ளியாகப் பொரிவது. பெட்டியில் 7 மெகாபிக்ஸல், 12 மெகாபிக்ஸல், 20 மெகாபிக்ஸல் என்று ஆண்டுக்காண்டு ஏற்றி எழுதினார்கள். அதே டம்ளரை இன்னும் சின்னச் சின்னக் கிண்ணங்களாகப் பிரித்ததைத் தவிர சென்சாரில் பெரிதாக எதுவும் மாறவில்லை. சேலை எடுப்பவருக்கு மெகாபிக்ஸல் கணக்கு உதவியதே இல்லை என்பது என் முடிவு.

சரிகை வெளுப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சரிகை என்பது பட்டு நூலைச் சுற்றிய வெள்ளி, செம்பு, மேலே தங்க முலாம். உலோகம் கண்ணாடி போல வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். கேமராவின் தானியங்கி அளவி முழுப் படத்தையும் சராசரி பார்த்து முடிவெடுப்பது. அடர்ந்த உடல் நிறைய இருந்தால், இடம் இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கேமராவில் பிளஸ், மைனஸ் என்று ஒரு பொத்தான் இருக்கும். பலர் அதைத் தொட்டதே இல்லை. அதை ஒரு படி குறைத்து வைத்தாலே தாழம்பூ ரேக்கின் பல் ஒவ்வொன்றும் தெரியத் தொடங்கும். ஃபிளாஷை அணைத்துவிட வேண்டும் என்பது அடுத்த பாடம். ஃபிளாஷ் நேரே சரிகையில் பட்டுத் திரும்பி வந்து லென்ஸையே குருடாக்கும். வாசல் நிழலில், வெயில் நேரே விழாத வடக்குப் பார்த்த திண்ணை கிடைத்தால் அதைவிட நல்ல ஸ்டுடியோ இல்லை.

வாடாமல்லி நிறம் வேறு வகைத் தொல்லை. அந்த நிறத்தின் செறிவு, கேமரா படத்தைச் சேமிக்கும் வண்ண எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. எல்லையைத் தாண்டியதை எல்லையிலேயே வெட்டி நிறுத்துவதால் மடிப்பு, நெசவு, நிழல் எதுவும் இல்லாமல் ஒரே அப்பலாக வாடாமல்லி நிற்கும். இதற்கும் மருந்து வெளிச்சத்தைக் குறைப்பதுதான். நிறம் மாறி விழுவது டியூப்லைட்டின் பிசகு. அந்த மலிவு கேமராக்களில் பலவற்றில் வெள்ளைச் சமநிலையைக் கையால் அமைக்கும் வசதி இருந்தது. வெளுத்த வேட்டி ஒன்றை அதே வெளிச்சத்தில் காட்டி, இதுதான் வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லிவிட்டுப் பிறகு சேலையை எடுத்தால், எம்.எஸ். நீலம் எம்.எஸ். நீலமாகவே வரும். இன்றைய செல்போனின் சாதாரண கேமரா பக்கத்தில் இந்த வசதியைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

மயில்கழுத்துக்கு மட்டும் எந்தக் கேமராவிலும் மருந்து இல்லை. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று நெய்வதால் பார்க்கும் கோணத்தைப் பொறுத்து நீலமும் பச்சையும் மாறி மாறித் தெரியும். ஒரே படம் என்றால் ஒரே கோணம். இரண்டு கோணத்தில் இரண்டு படம் எடுத்து அனுப்புவதுதான் நேர்மை. ஒரு படத்தைப் பார்த்து வாங்கிவிட்டு, நிறம் வேறாக இருக்கிறது என்று சேலையைத் திருப்பி அனுப்பும் வாடிக்கையாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கண்ணில் பட்டது கேமரா சொன்ன பாதி உண்மை.

இந்தக் கேமராக்கள் அசத்திய இடம் ஒன்று உண்டு: கிட்டப் படம். மேக்ரோ என்று பூப் படம் போட்ட பொத்தானை அமுக்கினால் பல மாடல்கள் 5 செ.மீ. நெருக்கம் வரை தெளிவாக எடுத்தன. கோர்வைச் சேலையில் உடலும் கரையும் சேரும் இடத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தால், இரண்டு நாடாக்களின் நூலும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு பல் பல்லாக ஏறி இறங்குவது தெரியும். கோர்வை போடாமல் ஒரே நாடாவில் நெய்ததில் அந்தப் பல் இருக்காது. நல்ல நெசவாளர் விரலால் தடவியே சொல்லிவிடுவார். வெளியூரில் இருந்து வாங்குபவருக்கு அந்த ஒரு கிட்டப் படம்தான் விரல். சென்சார் சின்னதாக இருப்பது இங்கே வரமாகிவிடுகிறது. சின்னச் சென்சாரில் முன்னும் பின்னும் கூர்மையாக விழும் ஆழம் அதிகம். பெரிய கேமராவில் ஒரு நூல் தெளிந்தால் அடுத்த நூல் கலங்கிவிடும்.

அடுத்தது ஜூம். ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம் 59 மீட்டர் உயரம். மேல் நிலைகளில் இருக்கும் சுதைச் சிற்பத்தைத் தரையில் நின்று எடுக்க 4 மடங்கு ஒளியியல் ஜூம் உள்ள பழைய கேமரா போதும். இன்றும் விலை குறைந்த செல்போன் பெரும்பாலானவற்றில் தூரத்தை இழுக்கும் தனி லென்ஸ் கிடையாது. அது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கி, இல்லாத விவரத்தைக் கணக்குப் போட்டு நிரப்பும். அந்தக் கணக்கில் யாளியின் பல் கரைந்து மெழுகாகிவிடும். வரதராசர் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தின் மூலையில் தொங்கும் கல் சங்கிலியையும் சொல்ல வேண்டும். ஒரே கல்லில் வளையம் வளையமாகச் செதுக்கிய வேலை. எட்ட நின்று சிறு கேமராவை ஜூம் செய்து எடுத்தால் ஒவ்வொரு வளையமும் தனித்துத் தெரியும். நிறைய வெளிச்சம் விழும் மண்டப ஓரம் என்பதால் சென்சாரின் பலவீனமும் அங்கே வெளியே தெரியாது.

ஆற்று மணலில் வேறொரு நுட்பம். நடுப்பகல் வெயிலில் கேமராவின் திரையில் ஒன்றுமே தெரியாது. 2008க்கு முந்தைய ஏ வரிசைக் கேமராக்களில் திரைக்கு மேலே கண்ணை வைத்துப் பார்க்கும் சின்னத் துவாரம் இருந்தது. காட்டும் பரப்பு கொஞ்சம் குறைவுதான் என்றாலும் வெயிலில் அதுதான் கை கொடுத்தது. பிறகு திரையைப் பெரிதாக்கப் பெரும்பாலான மாடல்களில் அதை எடுத்துவிட்டார்கள். நம் வெயிலுக்கு அது பின்னோக்கிய நடை.

இருட்டுக்கு வந்தால் கதை தலைகீழ். சித்ரா பௌர்ணமிக்கு வரதராசப் பெருமாள் செவிலிமேடு வழியாக ஐயங்கார்குளத்துக்கு எழுந்தருளுகிறார். அங்கே நடவாவிக் கிணறு என்று பூமிக்குள் இறங்கும் படிகளோடு ஒரு மண்டபக் கிணறு இருக்கிறது. அந்த விழாவுக்காக நீரை இறைத்து விட்டுப் பெருமாளை உள்ளே கொண்டுபோவார்கள். தீவட்டி வெளிச்சம், நெரிசல், அசையும் பல்லக்கு. பத்தாயிரம் ரூபாய் சிறு கேமரா இங்கே தோற்றுத்தான் போகும். கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசர் இருந்தாலும் அசைவது பல்லக்கு ஆயிற்றே. இன்றைய செல்போன் ஒரு படம் என்று காட்டுவது நொடிக்குள் எடுத்த பல படங்களை அடுக்கிச் சேர்த்தது. விலை குறைந்த போன்கள் பலவற்றின் சென்சார் அந்தக் காலத்துச் சிறு கேமராவின் சென்சாரைவிடப் பெரியது அல்ல. ஆனாலும் இந்த அடுக்கல் வேலையால் இரவில் அது முந்திவிடுகிறது. போன் தானாகச் செய்யும் இந்த மாதிரி வேலைதான் பகலில் சேலையைக் கெடுக்கிறது. வாடிக்கையாளர் கண்ணுக்குப் பிடிக்கும் என்று போன் தானாகவே நிறத்தைக் கூட்டுகிறது. அரக்கு தக்காளிச் சிவப்பாகிவிட்டால், எடுத்தவர் பொய் சொன்னதாகப் பழி வருகிறது.

கோயிலுக்குள் எடுக்கலாமா என்பதற்கு ஒரே பதில் இல்லை. கைலாசநாதர் கோயிலும் வைகுண்டப் பெருமாள் கோயிலும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. கையில் பிடித்து எடுப்பதில் அங்கே தடங்கல் இல்லை. மூன்றுகால் ஸ்டாண்டு வைக்க அனுமதி வேண்டும். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த கைலாசநாதரின் மணற்கல் பொரிந்துகொண்டே வருவது. பிராகாரச் சிற்றறைகளில் தப்பிப் பிழைத்திருக்கும் ஓவியத்தின் முன் ஃபிளாஷ் அடிக்காமல் இருப்பது சட்டத்துக்காக மட்டும் அல்ல. அறநிலையத் துறைக் கோயில்களில் கருவறையை எடுக்கக் கூடாது என்பது பழைய விதி. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கோயில்களுக்குள் செல்போனையே தடை செய்யச் சொன்னது. கேமராவை உள்ளே விடுவார்களா, அதற்குச் சீட்டு உண்டா என்பதை அந்தந்தக் கோயில் வாசலில் கேட்டுக்கொள்வதே நல்லது.

கோயிலைவிடக் கண்டிப்பான இடம் தறி வீடு. விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிப் பசை போடுவதை எடுத்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். தறியில் பாதி நெய்திருக்கும் முந்தியை எடுக்கப் போனால், “அத மட்டும் எடுக்காதீங்க சார், முதலாளி திட்டுவாரு” என்பார்கள். இது வெறும் சங்கோசம் இல்லை. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் குறிப்பிட்ட ரகங்களை விசைத்தறியில் நெய்யக் கூடாது என்கிறது. ஆனாலும் ஒரு தெளிந்த படம் கையில் கிடைத்தால், அந்த டிசைனை வேறொரு ஊர் விசைத்தறியில் ஏற்றுவது கஷ்டமான காரியமே இல்லை. இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் டிசைன் சட்டப்படி ஒரு டிசைனைப் பதிவு செய்ய வேண்டுமானால் அது ஏற்கெனவே வெளியாகியிருக்கக் கூடாது. பெருமையாகப் படமெடுத்து வாட்ஸாப்பிலும் முகநூலிலும் போட்டுவிட்டுப் பிறகு பதிவுக்குப் போனால், நாம் போட்ட படமே நமக்கு எதிர்ச்சாட்சி. பதிவு கிடைத்தால் முதலில் 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5 ஆண்டு பாதுகாப்பு. புது டிசைன் போடும் வீட்டில், இணையத்தோடு தொடர்பே இல்லாத தனிக் கேமராவில் படம் எடுத்து வைத்துக்கொள்வது இந்த ஒரு காரணத்துக்காகவே நியாயமாகிறது. போனில் எடுத்தால், பேரப்பிள்ளை அதை எப்போது யாருக்கு அனுப்புவான் என்று சொல்ல முடியாது.

வாங்கிய பிறகு ஆகும் செலவுதான் வாங்கும்போது யாரும் கணக்கில் எடுக்காதது. பென்சில் செல் போடும் கேமராக்கள் நம் ஊருக்குப் பொருத்தம் என்று விற்றார்கள். பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதாரணச் செல்லைப் போட்டால் நாலு படத்தில் கண்ணை மூடிக்கொள்ளும், ஏனெனில் கேமரா ஒரே மூச்சில் இழுக்கும் மின்சாரத்தை அது தராது. ஆல்கலைன் கொஞ்சம் தேவலாம். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் நாலு வாங்கி வைத்தவர்கள்தான் உண்மையில் கேமராவைப் பயன்படுத்தினார்கள். தனி வடிவ லித்தியம் பேட்டரி போட்ட மாடல்கள் மெலிதாக அழகாக இருந்தன. பத்து ஆண்டில் அந்தப் பேட்டரி உப்பிப் போனபின் மாற்றுப் பேட்டரி தேடி அலைய வேண்டியதாயிற்று. கார்டிலும் இதே கதை. 2006க்கு முந்தைய பல கேமராக்கள் 2 ஜிபிக்கு மேற்பட்ட கார்டை ஏற்காது. ஒலிம்பஸும் ஃபியூஜியும் வைத்த எக்ஸ்டி கார்டு இன்று கடையில் கிடைப்பது அரிது. சோனியின் மெமரி ஸ்டிக்கும் அப்படியே.

நம் காற்றின் ஈரத்துக்குக் கேமரா உலகில் ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது. 2002 முதல் 2004 வரை சோனி தயாரித்த சிசிடி சென்சார்களில் ஒரு குறை இருந்தது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் உள்ளே இருக்கும் நுண் கம்பி இணைப்பு விடுபட்டுப் போகும். படம் ஊதா நிறமாகத் திரிந்து கோடு கோடாக விழும், அல்லது ஒன்றுமே விழாது. அந்தச் சென்சாரைச் சோனி மட்டுமல்ல, கேனன், நிக்கான், ஃபியூஜி, கோனிகா மினோல்டா எல்லோரும் வாங்கிப் போட்டிருந்தார்கள். 2005 அக்டோபரில் நிறுவனங்கள் அடுத்தடுத்துக் குறையை ஒப்புக்கொண்டு இலவசமாக மாற்றித் தந்தன. கேனன் ஏ70, ஏ75 எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. குளிர்நாட்டில் ஐந்தாண்டு தாக்குப்பிடித்திருக்கக்கூடிய கேமரா நம் சித்திரை வெயிலுக்கும் ஐப்பசி அடைமழைக்கும் நடுவே சீக்கிரமே நொண்டியடித்ததில் வியப்பில்லை. “கேமரா தண்ணி பட்டு கெட்டுப்போச்சு” என்று பரணில் போட்ட பலருக்கு இலவச மாற்று இருந்ததே தெரியாமல் போயிற்று. மற்றபடி லென்ஸுக்குள் பூஞ்சை. தோல் உறையிலேயே ஆண்டுக்கணக்கில் வைத்தால் கட்டாயம் பிடிக்கும். மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பது போதும். பட்டு நூலின் தூசு பறக்கும் வீட்டில், வெளியே நீண்டு உள்ளே ஒடுங்கும் லென்ஸ் நடுவழியில் சிக்கிக்கொள்ளும். கேனனில் அதற்கு ஈ18 என்று ஒரு பிழை எண்ணே இருந்தது.

வீழ்ச்சியின் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி 2010இல் உலகெங்கும் போன டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கும் மேல். அதில் 10 கோடிக்கு மேல் இந்தச் சிறு கேமராக்கள். 2023இல் சிறு கேமரா சுமார் 17 லட்சம். கோடக் 2012இல் கேமரா தயாரிப்பையே நிறுத்தியது. கேசியோ 2018இல் சிறு கேமராவை விட்டது. நம் பக்கம் 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகு, படத்தை எடுப்பதும் அனுப்புவதும் ஒரே வேலையாகிவிட்டது. கேபிள் செருகிக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் வேலைக்குப் பொறுமை உள்ளவர் எண்ணிக்கை கேமராவைவிட வேகமாகக் குறைந்தது.

இப்போது இளைஞர்கள் பழைய சிறு கேமராக்களைத் தேடி வாங்குகிறார்கள். சிசிடி சென்சாரின் நிறம் பிலிம் போல இருக்கிறது என்கிறார்கள். நிறம் சென்சார் வகையில் மட்டும் இல்லை. முன்னால் இருக்கும் வடிகட்டி, நிறுவனம் வைத்த கணக்கு, கண்ணைப் பறிக்கும் சின்ன ஃபிளாஷ் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தத் தோற்றம். அதற்காகப் பத்து மடங்கு விலை கொடுப்பது வீண் என்பது என் கருத்து. புதிதாகவே வேண்டும் என்பவர்களுக்கு கோடக் பெயரில் வேறொரு நிறுவனம் விற்கும் பிக்ஸ்புரோ வரிசை இருக்கிறது. அதன் எஃப்இசட்45 இரண்டு பென்சில் செல்லில் ஓடும். கேனனும் 2025இல் பழைய சிறு மாடல் ஒன்றைச் சிறு மாற்றத்தோடு மறுபடி இறக்கியது.

செவிலிமேட்டுக்காரர் ஒருவர் கேட்டால் நான் இப்படிச் சொல்வேன். வீட்டு விசேஷத்துக்கு, இரவுக்கு, உடனே அனுப்புவதற்கு என்றால் கையில் இருக்கும் போனே போதும், இன்னொரு கருவிக்குக் காசு வேண்டாம். சேலை விற்பவர், டிசைன் போடுபவர், கோபுரத்தை நிலை நிலையாகப் பதிவு செய்ய நினைப்பவர் என்றால் வெள்ளைச் சமநிலையைக் கையால் வைக்கக்கூடிய, பென்சில் செல்லும் எஸ்டி கார்டும் போடும் பழைய கேமரா ஒன்று வாங்கலாம். மூன்றாயிரத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம். வாங்கும் முன் வெள்ளைச் சுவரை எடுத்துப் பெரிதாக்கிக் கரும்புள்ளி தேடுங்கள். லென்ஸை டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், பூஞ்சை சிலந்தி வலை போலத் தெரியும். ஜூமை நாலைந்து தடவை முழுசாக ஓட்டிப் பாருங்கள். எட்டு வயதுப் பேத்திக்கு முதல் கருவியாகக் கொடுக்கவும் இது நல்லது. அதில் விளையாட்டும் இல்லை, யூடியூபும் இல்லை.

படத்தை எங்கே வைப்பது என்பது கடைசிப் பிரச்சினை, பெரிய பிரச்சினையும் அதுவே. 2004க்கும் 2014க்கும் இடையே எடுத்த குடும்பப் படங்கள் பல வீடுகளில் இல்லை. அதற்கு முந்தியவை ஆல்பத்தில் இருக்கின்றன, பிந்தியவை போன் கணக்கில் இருக்கின்றன. நடுவில் எடுத்தவை சிடியில் எழுதப்பட்டு, சிடி படிக்கும் கம்ப்யூட்டரே காணாமல் போயிற்று. ஆல்பமும் சாசுவதமில்லை, 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். மாறாக, ஒழுங்காக வைத்த சாதாரணப் படம் என்ன செய்யும் என்பதற்குப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் சான்று. 1956 முதல் அவர்கள் தென்னிந்தியக் கோயில்களை எடுத்துச் சேர்த்த படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் விலைக்கு வாங்கியது. அந்தச் சிலை கோயிலில் இருந்ததுதான் என்று நிறுவ உதவியவற்றில் இந்த நிறுவனம் 1994இல் எடுத்த படங்களும் உண்டு. 2014இல் நடராசர் திரும்பினார். அந்தப் படங்களில் கலை நயம் எதுவும் தேவைப்படவில்லை. எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது என்ற குறிப்பு இருந்தது, தேடினால் கிடைக்கும் இடத்தில் இருந்தது.

ஆகவே பழைய கேமரா வாங்கினால் முதல் வேலை மெனுவுக்குப் போய்த் தேதியைச் சரிசெய்வது. பல மாடல்களில் தேதியை நினைவில் வைக்கத் தனியாக ஒரு பொத்தான் செல் இருக்கும். அது செத்திருந்தால், பென்சில் செல்லை மாற்றும் ஒவ்வொரு தடவையும் கேமரா பழைய ஆண்டுக்கே ஓடிவிடும். நேற்று நெய்த சேலையின் படத்தில் 2005 ஜனவரி 1 என்று விழும். டிசைன் யாருடையது என்ற பேச்சு வரும்போது அந்தத் தேதி காலை வாரிவிடும். அந்தப் பொத்தான் செல் கைக்கடிகாரம் ரிப்பேர் பார்க்கும் கடையில் கிடைக்கும். பெரும்பாலும் பேட்டரி அறைக்கு உள்ளேயே ஒரு சின்னத் தட்டில் இருக்கும், நகத்தால் இழுத்தால் வந்துவிடும்.